குவளையும் அவையும்: கே பார்களின் நேற்றும் இன்றும்



நகரங்களில் மக்கள் எப்படிக் கூடி வாழ்கிறார்கள் என்பது பற்றி ஆண்டுக்கு ஒரு பேச்சு நடக்க வேண்டும் என்பது இந்த அறக்கட்டளையின் நோக்கம். அந்த வரிசையில் இந்த ஆண்டு மதுக்கூடத்தைப் பற்றிய பேச்சு என்று அழைப்பிதழில் பார்த்ததும் சிலர் முகம் சுளித்திருக்கலாம். 1937இல் சேலம் மாவட்டத்தில் இராஜாஜி மதுவிலக்கைக் கொண்டுவந்த மாநிலம் இது. இங்கே மேடையேறி மதுவைப் பற்றிப் பேசினால் அதை ஒழிப்பது பற்றித்தான் பேச வேண்டும் என்பது எழுதப்படாத விதி. நான் மதுவின் பெருமையைப் பேச வரவில்லை. குவளை மறுக்கப்பட்டவர்கள் அந்த மறுப்பிலிருந்து எதை உருவாக்கினார்கள், மறுப்பு நீங்கிய காலத்தில் அது ஏன் கலைகிறது என்பதைப் பேச வந்திருக்கிறேன்.

தன்பாலீர்ப்பு கொண்ட ஆண்களும் பெண்களும் திருநரும் கூடும் மதுக்கூடங்களை அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் கே பார் என்கிறார்கள். அறுபது ஆண்டுகளுக்கு முன் அவை போலீசுக்குப் பயந்து நடந்தன. இன்று அவற்றில் சில நினைவுச் சின்னங்கள் ஆகிவிட்டன, பல மூடப்பட்டுவிட்டன. சட்டம் ஒப்புக்கொண்டது, பல வீடுகளும் ஒப்புக்கொண்டன, எந்த உணவகத்திலும் இணையரோடு கைகோத்து உட்காரலாம், பிறகு தனியாக ஒரு பார் எதற்கு என்று அந்த நாடுகளின் பத்திரிகைகள் திரும்பத் திரும்பக் கேட்கின்றன.

விடை சொல்வதற்கு முன், அந்த பார் என்னென்ன வேலை பார்த்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். என் கணக்கில் மூன்று. முதலாவது, ஒளிவிடம். இரண்டாவது, துணை தேடும் சந்திப்பிடம். மூன்றாவது, கூடிப் பேசி முடிவெடுக்கும் அவை. முதல் வேலையைச் சட்டம் பெரும்பாலும் தேவையற்றதாக்கிவிட்டது. இரண்டாவதைக் கைப்பேசி எடுத்துக்கொண்டது. மூன்றாவதை ஏற்றுக்கொள்ள இன்னும் ஆள் வரவில்லை. என் பேச்சு அந்த மூன்றாவது வேலையைப் பற்றியது.

மறுக்கப்பட்ட குவளை

அமெரிக்காவில் 1920இல் வந்த மதுவிலக்கு 1933இல் நீங்கியது. நியூயார்க் மாநிலம் மது விற்பனையை ஒழுங்குபடுத்த ஓர் ஆணையத்தை அமைத்தது. ஒழுங்கற்ற இடம் என்று கருதினால் மதுக்கூடத்தின் உரிமத்தை அது பறிக்கலாம். தன்பாலீர்ப்பாளர்கள் கூடுவதே ஒழுங்கின்மை என்று நடைமுறையில் பொருள் கொள்ளப்பட்டது. சாதாரண உடையில் வந்த போலீஸ்காரர்கள் வாடிக்கையாளரிடம் வலியப் பேச்சுக் கொடுப்பார்கள்; அவர் இணங்கினால் கைது செய்வார்கள். அந்தக் கைதே கடைக்கு எதிரான சாட்சியமாகும். எந்த முதலாளி துணிவார்? சந்தேகம் வந்தால் கவுண்டரிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்.

இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவர 1966 ஏப்ரல் 21 அன்று தன்பாலீர்ப்பாளர் உரிமை அமைப்பான மட்டாஷீன் சங்கத்தைச் சேர்ந்த டிக் லெய்ட்ஷ், கிரெய்க் ராட்வெல், ஜான் டிம்மன்ஸ் ஆகிய மூவர் கோட்டும் டையும் அணிந்து, பத்திரிகையாளர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு, மதுக்கூடங்களைத் தேடிப் புறப்பட்டார்கள். தாங்கள் தன்பாலீர்ப்பாளர்கள் என்று அறிவித்து மது கேட்பது, மறுத்தால் வழக்குத் தொடுப்பது என்பது திட்டம். கறுப்பின மாணவர்கள் வெள்ளையர் உணவகங்களில் உட்கார்ந்து நடத்திய அறப்போராட்டமே அவர்களுக்கு முன்மாதிரி. முதலில் போன உணவகம் செய்தி தெரிந்து கதவைச் சாத்திவிட்டது. அடுத்த இரண்டு இடங்களில் மேலாளர்கள் சிரித்துக்கொண்டே மதுவைக் கொடுத்துவிட்டார்கள்! மறுப்பைத் தேடிப் போனவர்களுக்கு மறுப்பு கிடைக்கவில்லை. கடைசியாக கிரீன்விச் வில்லேஜிலிருந்த ஜூலியஸ் என்ற பாருக்குப் போனார்கள். அதற்குள் ராண்டி விக்கர் என்ற இன்னொருவரும் சேர்ந்துகொண்டார். ஜூலியஸ் அப்போதுதான் போலீஸ் சோதனைக்கு ஆளாகியிருந்தது. குவளையை எடுத்து வைத்த பணியாளர், அவர்கள் தங்களைப் பற்றிச் சொன்னதும் குவளையின் வாயைக் கையால் மூடினார். வில்லேஜ் வாய்ஸ் இதழின் ஒளிப்படக்காரர் ஃபிரெட் மெக்டாரா அந்தக் கணத்தைப் பதிவு செய்தார்.

அந்தப் படத்தைப் பார்க்கும் தமிழருக்கு நம் ஊர்த் தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளை நினைவுக்கு வரும். சாதிக் கொடுமையும் இதுவும் ஒன்றல்ல. வேர்கள் வேறு, வயதும் வேறு. ஆனால் ஒருவருக்குக் குவளையைக் கொடுப்பதா வேண்டாமா என்ற முடிவில் அவர் இந்த ஊரைச் சேர்ந்தவரா இல்லையா என்ற தீர்ப்பு அடங்கியிருக்கிறது என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவின் எல்லா மாநிலங்களும் ஒரே மாதிரி இருக்கவில்லை. சான் பிரான்சிஸ்கோவின் பிளாக் கேட் பார் தொடர்பான வழக்கில், தன்பாலீர்ப்பாளர்கள் கூடுகிறார்கள் என்பதற்காக மட்டும் உரிமத்தைப் பறிக்க முடியாது என்று கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1951இலேயே சொல்லிவிட்டது. நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் 1967இல் அதே கருத்துக்கு வந்தது. திருமண உரிமையைப் பற்றி யாரும் கனவுகூடக் காணாத காலத்தில், நீதிமன்றத்தில் இவர்கள் பெற்ற முதல் வெற்றிகளுள் சில ஒரு மேசையைச் சுற்றி உட்காரும் உரிமைக்கானவை.

மாஃபியாவின் வாசலில்

ஒளிவிடமாக இருந்த காலத்தை யாரும் பொற்காலம் என்று நினைத்துவிட வேண்டாம். சட்டம் கைவிட்ட தொழிலைச் சட்டத்தை மதிக்காதவர்கள் எடுத்துக்கொள்வது உலக வழக்கம். நியூயார்க்கின் பல கே பார்கள் மாஃபியாவின் கையில் இருந்தன. கிறிஸ்டோபர் தெருவிலிருந்த ஸ்டோன்வால் இன் 1967இல் அப்படித்தான் தொடங்கப்பட்டது. கவுண்டருக்குப் பின்னால் குழாயில் தண்ணீர் கிடையாது. குவளைகளைத் தொட்டித் தண்ணீரில் முக்கியெடுத்து அடுத்தவருக்குக் கொடுத்தார்கள். மதுவில் தண்ணீர் கலந்திருக்கும், விலையும் கூடுதல். கதவில் ஒரு துளை வழியே பார்த்து ஆள் தெரிந்தால்தான் உள்ளே விடுவார்கள். போலீசுக்கு மாமூல் போய்க்கொண்டிருந்தது.

இத்தனைக்கும் அங்கே கூட்டம் வந்ததற்குக் காரணம், இரண்டு ஆண்கள் சேர்ந்து ஆட முடிந்தது என்பதுதான். போலீஸ் வந்தால் மங்கிய கூடத்தில் வெள்ளை விளக்கு எரியும். ஆடிக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று விலகிக்கொள்வார்கள். 1969 ஜூன் 28 அதிகாலையில் முன்னறிவிப்பின்றி நடந்த சோதனையின்போது வெளியே தள்ளப்பட்டவர்கள் கலையாமல் தெருவிலேயே நின்றார்கள். வீடற்ற இளைஞர்களும், பெண் உடை அணிந்தவர்களும், கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்கரும் கலந்த கூட்டம் அது. எதிர்ப்பு பல இரவுகள் நீண்டது. சரியாக ஓராண்டு கழித்து அதே நாளில் நியூயார்க்கில் நடந்த ஊர்வலத்திலிருந்துதான் இன்று உலகெங்கும் ஜூன் மாதத்தில் நடக்கும் பெருமித ஊர்வலங்கள் வழிவழியாக வந்தன. சில மாதங்களில் ஸ்டோன்வால் இன் மூடப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இயக்கம் அந்தக் கட்டடத்தை விட்டு வெளியே வந்துவிட்டது.

அவையாக மாறிய கூடம்

இங்கேதான் நான் சொன்ன மூன்றாவது வேலை வருகிறது. அன்று இவர்களுக்குச் சங்கக் கட்டடம் கிடையாது. கோயிலோ தேவாலயமோ இடம் தராது. அலுவலகத்தில் தெரிந்தால் வேலை போகும். ஆகவே ஓர் இயக்கத்துக்கு வேண்டிய எல்லாமும் மதுக்கூடத்திலேயே நடந்தன.

பிளாக் கேட்டில் பரிமாறுபவராகவும் பெண் வேடமிட்டுப் பாடுபவராகவும் இருந்த ஹோசே சாரியா, இரவு கடை அடைக்கும் நேரத்தில் எல்லாரையும் எழுந்து நின்று ஒன்றாகப் பாடச் சொல்வார். 1961இல் அவர் சான் பிரான்சிஸ்கோ நகர மன்றத் தேர்தலில் நின்றார். தன்பாலீர்ப்பை மறைக்காமல் அமெரிக்காவில் பொதுப் பதவிக்குப் போட்டியிட்ட முதல் மனிதர் அவர். வெல்லவில்லை, ஆனால் சில ஆயிரம் வாக்குகள் விழுந்தன. இப்படியொரு வாக்கு வங்கி இருக்கிறது என்று நகரத்து அரசியல்வாதிகளுக்கு அன்றுதான் உறைத்தது. மறு ஆண்டே பார் முதலாளிகளும் பணியாளர்களும் டேவர்ன் கில்ட் என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். போலீஸ் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் மற்றக் கடைகளுக்குத் தொலைபேசியில் செய்தி போகும். கைதானவர்களுக்கு வக்கீலும் ஜாமீனும் ஏற்பாடு செய்தார்கள்.

1970களின் நடுவில் லாரி ஓட்டுநர் சங்கம் கூர்ஸ் பீரைப் புறக்கணிக்கும் போராட்டத்தில் இறங்கியது. சங்கத்தினர் சான் பிரான்சிஸ்கோவின் தன்பாலீர்ப்பாளர் தலைவர் ஹார்வி மில்க்கிடம் உதவி கேட்டு வந்தார்கள். எங்கள் ஆட்களுக்கும் ஓட்டுநர் வேலை கொடுங்கள் என்று அவர் நிபந்தனை வைத்தார். பார்களில் கூர்ஸ் நின்றது. 1977இல் ஃபுளோரிடாவில் தன்பாலீர்ப்பாளர் உரிமைச் சட்டத்துக்கு எதிராக அனிதா பிரையன்ட் இயக்கம் நடத்தினார். பாடகியான அவர் அந்த மாநிலத்து ஆரஞ்சுச் சாறின் விளம்பர முகமாகவும் இருந்தார். அமெரிக்கா முழுவதும் கே பார்கள் ஆரஞ்சுச் சாறை நிறுத்தி, ஆப்பிள் சாறைக் கலந்து ஊற்றின. ஒரு சமூகத்துக்குக் கவுண்டர்கள் இருந்தால் அதன் கோபத்தைச் சந்தையும் உணரும். அதே 1977இல் ஹார்வி மில்க் நகர மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

1981க்குப் பிறகு எய்ட்ஸ் வந்தபோது இந்தக் கூடங்கள் இன்னொரு முகம் கொண்டன. நோயாளிகளுக்கு நிதி திரட்டியதும், பாதுகாப்பு பற்றிய துண்டுத்தாள்கள் கைமாறியதும், இறந்தவர்களுக்கு அஞ்சலிக் கூட்டம் நடந்ததும் இங்கேதான். லண்டனின் ராயல் வாக்ஸ்ஹால் டேவர்னில் 1987இல் சோதனையிட வந்த போலீசார் கையில் ரப்பர் உறை அணிந்திருந்தார்கள். தொட்டால் நோய் ஒட்டும் என்ற அச்சத்தை அரசின் சீருடையே பரப்பிய நாட்களில், பயமின்றித் தோளில் கைபோட ஆள் இருந்த இடம் அந்தக் கூடம்.

இரண்டு துயரங்கள்

சமூக ஏற்பு எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதை அளக்க இரண்டு சாவுக் கணக்குகளை அருகருகே வைக்கிறேன்.

1973 ஜூன் 24, ஞாயிற்றுக்கிழமை. நியூ ஆர்லியன்சில் அப்ஸ்டேர்ஸ் லௌஞ்ச் என்ற மாடி பாருக்கு யாரோ தீ வைத்தார்கள். 32 பேர் இறந்தார்கள். தன்பாலீர்ப்பாளர்களை ஏற்ற ஒரு சிறு திருச்சபையினர் வழிபாடு முடிந்து அங்கே கூடியிருந்தார்கள். போதகரும் இறந்தவர்களில் ஒருவர். நகரத்தின் பல தேவாலயங்கள் இரங்கல் வழிபாட்டுக்கு இடம் தர மறுத்தன. சில உடல்கள் உரிமை கோரப்படாமல் ஏழைகளுக்கான பொது இடுகாட்டுக்குப் போயின. யாரும் தண்டிக்கப்படவில்லை. நகர மன்றம் முறைப்படி வருத்தம் தெரிவித்தது 2022இல்.

2016 ஜூன் 12. ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோ நகரில் பல்ஸ் என்ற கே கிளப்பில் லத்தீன் இசை இரவு நடந்துகொண்டிருந்தபோது ஒருவன் துப்பாக்கியால் சுட்டு 49 பேரைக் கொன்றான். எய்ட்ஸால் இறந்த தன் அண்ணனின் நினைவாக ஒரு பெண், கூட்டாளி ஒருவரோடு சேர்ந்து 2004இல் தொடங்கிய கிளப் அது. நாடு முழுவதும் அரசுக் கொடிகள் அரைக்கம்பத்தில் இறக்கப்பட்டன. அதிபர் ஒபாமா நேரில் வந்து குடும்பங்களைச் சந்தித்தார்.

முதல் நிகழ்வில் சில உடல்களுக்கு உரிமை கோரக்கூட ஆள் வரவில்லை. இரண்டாவதில் ஒரு தேசம் அழுதது. இடைப்பட்ட 43 ஆண்டுகளில் நடந்த மாற்றத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. அமெரிக்காவில் ஒருபால் திருமணத்தை ஆதரிப்பவர்கள் கேலப் கணிப்பின்படி 1996இல் 27 சதவீதம். 2023இல் 71 சதவீதம். ஒரு தலைமுறைக்குள் மக்கள் மனம் இவ்வளவு மாறிய விஷயங்கள் வரலாற்றில் அரிது. ஆனால் மாறிய பிறகும் படுகொலை நடந்த இடம் பார்தான் என்பதையும் மறக்க வேண்டாம்.

கண்ணாடிச் சுவர்

மாற்றத்தைக் கட்டடத்திலேயே பார்க்கலாம். பழைய கே பாருக்குச் சன்னல் இருக்காது. இருந்தால் கறுப்பு பூசியிருக்கும். 1972இல் சான் பிரான்சிஸ்கோவின் காஸ்ட்ரோ பகுதியில் ட்வின் பீக்ஸ் டேவர்னை எடுத்து நடத்திய இரண்டு பெண்கள், தெருவைப் பார்த்துப் பெரிய கண்ணாடிச் சன்னல்களைத் திறந்துவிட்டார்கள். உள்ளே இருப்பவர்கள் யார் என்று போவோர் வருவோர் பார்க்கலாம். மான்செஸ்டரின் கனால் தெருவில் 1990இல் மான்ட்டோ என்ற பார் அதையே செய்தது. அந்த நகரத்துப் போலீஸ் தலைவர் நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான் எய்ட்ஸ் நோயாளிகளைச் சாக்கடையோடு ஒப்பிட்டுப் பேசியிருந்தார் என்றால் அந்தக் கண்ணாடிக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்தது என்று புரியும்.

சுவர் கண்ணாடியானதும் மற்றவர்களும் உள்ளே வந்தார்கள். 1999 ஏப்ரல் 30 அன்று லண்டன் சோஹோவின் அட்மிரல் டங்கன் பப்பில் வெறுப்பாளன் ஒருவன் வைத்த ஆணிக்குண்டு மூன்று பேரைக் கொன்றது. அவர்களில் ஒருவர் கணவரோடும் நண்பர்களோடும் வந்திருந்த கர்ப்பிணிப் பெண். நட்பும் உறவும் ஏற்கெனவே கலந்துவிட்டிருந்தன. மணமாகப்போகும் பெண்கள் தோழிகளோடு வந்து கும்மாளமடிக்கும் வழக்கமும் அந்த ஆண்டுகளில் பரவியது. பழைய வாடிக்கையாளர்களில் சிலர், இங்கேயும் நாங்கள் வேடிக்கைப் பொருளா என்று கசந்தார்கள். வேறு சிலர், இதற்குத்தானே போராடினோம் என்றார்கள். இரு தரப்பினர் சொன்னதும் நியாயம்தான்.

யார் இழந்தார்கள்

இனிச் சரிவைப் பார்ப்போம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் நகர ஆய்வுக்கூடம் எடுத்த கணக்கின்படி, 2006இல் அந்நகரில் இத்தகைய இடங்கள் 125, 2017இல் 53. அமெரிக்காவில் கிரெகர் மாட்சன் என்ற சமூகவியலாளர் பழைய வழிகாட்டி நூல்களின் பட்டியல்களை எண்ணிப் பார்த்தார். 2007க்கும் 2019க்கும் இடையில் கே பார்களின் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாகக் குறைந்திருந்தது.

சமூகம் ஏற்றுக்கொண்டது, ஆகவே தேவை தீர்ந்தது, ஆகவே கடை மூடியது என்பது கேட்பதற்கு அழகான விளக்கம். பாதி உண்மையும்கூட. 2009இல் கிரைண்டர் செயலி வந்த பிறகு துணை தேட மதுவுக்குக் காசு கொடுத்துக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் லண்டனில் நிறைந்து வழிந்த இடங்களும் மூடின. கே இரவுகளுக்குப் பேர்போன ஆஸ்டோரியா அரங்கம் 2009இல் கிராஸ்ரெயில் ரயில் பாதைக்காக மூடி இடிக்கப்பட்டது. குத்தகை முடிந்ததும் வாடகையைப் பன்மடங்கு கேட்டார்கள். மனை விலை ஏறியதும் பப்பை விற்று அடுக்ககம் கட்டினார்கள். வாடகைக்குச் சமூக ஏற்பு என்று பெயர் சூட்டி நாம் ஆறுதல் அடையக் கூடாது.

எந்தக் கடைகள் முதலில் மூடின என்று பார்த்தால் விளக்கம் இன்னும் ஆட்டம் காண்கிறது. மாட்சனின் அதே கணக்கில், பெண்களுக்கான பார்கள் பாதிக்கும் மேல் குறைந்தன. கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்கரும் கூடிய பார்கள் கிட்டத்தட்ட அறுபது சதவீதம் குறைந்தன. சமூக ஏற்புதான் காரணம் என்றால், மிக அதிகமாக ஏற்கப்பட்டவர்களின் பார்தானே முதலில் தேவையற்றுப் போக வேண்டும்? நடந்தது நேர்மாறு. கையில் காசு குறைந்தவர்களின் இடங்கள் முதலில் போயின. பெண்களின் சம்பளம் குறைவு. இரவுச் செலவுக்கு எடுத்துவைப்பதும் குறைவு. கடன் கொடுக்க வங்கிகளும் தயங்கும். 2020இல் அமெரிக்கா முழுவதும் தேடியபோது பெண்களுக்கான பார்கள் இருபது சொச்சம்தான் மிஞ்சியிருந்தன.

பழைய பார்களும் எல்லாரையும் வரவேற்கவில்லை என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். வெள்ளை ஆண்களின் பார்களில் கறுப்பினத்தவரிடமும் பெண்களிடமும் இரண்டு மூன்று அடையாள அட்டைகளைக் கேட்டுத் திருப்பி அனுப்பும் தந்திரம் நெடுங்காலம் இருந்தது. ஒதுக்கப்பட்டவர்கள் கூடிய இடத்திலேயே அடுத்த ஒதுக்கல். அதனால்தான் கறுப்பினப் பெண்மணி ஜூவல் தாய்ஸ் வில்லியம்ஸ் 1973இல் லாஸ் ஏஞ்சலிசில் கேட்ச் ஒன் கிளப்பைத் தொடங்கினார். நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் நடத்தி 2015இல் மூடினார். லண்டனில் 1995இல் டிஜே ரிதுவும் தோழியும் சேர்ந்து கிளப் காளியைத் தொடங்கினார்கள். பாங்க்ராவும் இந்திப் படப் பாட்டும் ஒலிக்க, வீட்டில் ஒரு பெயரும் வெளியே ஒரு வாழ்வுமாக இருந்த தெற்காசியப் பிள்ளைகள் அங்கே ஆடினார்கள். வெள்ளையர் பாரில் நிறத்தால் அந்நியம், சொந்தக்காரர் கல்யாணத்தில் மனத்தால் அந்நியம் என்றிருந்தவர்களுக்கு இரண்டும் சேர்ந்த ஒரே கூடம் அது.

இன்றைய பார் என்ன செய்கிறது

மூடியவை போக எஞ்சியவை சும்மா இல்லை. பெருநகரத்துக்கு வெளியே, சுற்றுவட்டாரத்தில் ஒரே கே பார் என்று நிற்கும் கடைகளைத் தேடி மாட்சன் அமெரிக்கா முழுவதும் காரில் போனார். தனித்து நிற்கும் அந்த பார்கள் ஊர்ப் பொதுக்கூடம் போல இயங்குவதைப் பதிவு செய்திருக்கிறார். நிதி திரட்டும் நிகழ்ச்சி, பெண் வேடக் கலைஞர்களின் ஆட்டம், பிறந்தநாள் எல்லாமும் அங்கே நடக்கும். பக்கத்துக் கடைக்காரரும் வந்து உட்காருவார். பெருநகரத்து எழுத்தாளர் பார் எதற்கு என்று கேட்கும்போது, அவருடைய தெருவில் வேறு பத்து வழிகள் இருக்கின்றன. சிற்றூர்க்காரருக்கு அந்த ஒன்றுதான்.

நகரங்களில் இடம் போய் இரவுகள் மிஞ்சியிருக்கின்றன. மாதம் ஒருமுறை ஒரு கூடத்தை வாடகைக்கு எடுத்து நடத்தும் கூட்டங்கள் பெருகியுள்ளன. மது இல்லாத காபிக் கடைகளும் புத்தகக் கடைகளும் வந்திருக்கின்றன. இது நல்லதும்கூட. மதுவை நடுவில் வைத்து ஒரு சமூகம் கூடியதற்கு விலை இருந்தது. குடிநோயில் விழுந்தவர்கள் பலர். அமெரிக்காவில் 21 வயது ஆகாதவர் பெரும்பாலான பார்களுக்குள் போகவே முடியாது. ஆதரவு மிகத் தேவைப்படும் வயதோ அதற்கு முந்தையது. ஆனால் மாதம் ஒருநாள் நடக்கும் இரவுக்கு விலாசம் கிடையாது. வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட பிள்ளை செவ்வாய்க்கிழமை மாலை எந்தக் கதவைத் தட்டும்?

அரசுகளும் சில முயற்சி செய்திருக்கின்றன. ராயல் வாக்ஸ்ஹால் டேவர்ன் மனை வணிகரிடம் போனபோது வாடிக்கையாளர்கள் போராடி, 2015இல் அதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்க வைத்தார்கள். தன்பாலீர்ப்பாளர் வரலாற்றுக்காகவே பிரிட்டனில் அந்தத் தகுதி பெற்ற முதல் கட்டடம் அது. கிழக்கு லண்டனில் மூடப்பட்ட ஜாய்னர்ஸ் ஆர்ம்ஸ் என்ற கே பப் இருந்த மனையில் புதிதாகக் கட்ட வந்தவர்களிடம், இச்சமூகத்துக்கான ஓர் இடமும் அதில் இருக்க வேண்டும் என்று உள்ளாட்சி மன்றம் 2017இல் நிபந்தனை போட்டது. 2016இல் ஸ்டோன்வால் சுற்றுப்புறம் தேசிய நினைவுச் சின்னமானது. 2022இல் ஜூலியஸ் நியூயார்க் நகரின் பாதுகாக்கப்பட்ட சின்னமானது. குவளையை மூடிய அதே கவுண்டரில் இன்றும் வியாபாரம் நடக்கிறது.

சின்னமாவது போதுமா? 2025 பிப்ரவரியில் அமெரிக்க அரசின் தேசியப் பூங்காத் துறை ஸ்டோன்வால் நினைவுச் சின்னம் பற்றிய தன் இணையதளத்திலிருந்து திருநரைக் குறிக்கும் சொற்களை நீக்கியது. கேலப் கணிப்பிலும் 71 சதவீதம் 2025இல் 68 ஆகியிருக்கிறது. 2022 நவம்பரில் கொலராடோவின் கிளப் கியூ என்ற கே கிளப்பில் ஐந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஏற்பு வளர்வதும் உண்டு, தேய்வதும் உண்டு. தேயும் நாளில் ஒன்றுகூட ஓர் இடம் வேண்டும் என்றால், வளரும் நாளிலேயே அதைக் காப்பாற்றி வைத்திருக்க வேண்டும்.

நமக்கு இதில் என்ன

இது அயல்நாட்டுக் கதை. நம்மிடம் இப்படியொரு பார் மரபு உருவாகவில்லை. மும்பை கொலாபாவில் வூடூ என்ற பப்பின் சனிக்கிழமை இரவுகள் 1990களில் பேர்பெற்றவை. தில்லியில் ஓர் ஐந்து நட்சத்திர விடுதியின் கிளப் தன்பாலீர்ப்பாளர்களுக்குப் பெருமிதத்தோடு கதவைத் திறந்தது. அந்த விடுதிக் குழுமத்தைச் சேர்ந்த கேசவ் சூரி, தன்பாலுறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் போனவர்களில் ஒருவர். 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பு வந்தது; ஒப்புதலோடு நடக்கும் உறவு இனிக் குற்றமல்ல என்றானது. திருமண உரிமையை 2023இல் நீதிமன்றம் தர மறுத்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021இல் வழங்கிய ஆணை, தன்பாலீர்ப்பாளர்களையும் திருநரையும் மாற்ற முயலும் சிகிச்சைகளைத் தடை செய்யச் சொன்னது. போலீசாருக்கும் நீதித்துறைக்கும் பயிற்சி தரச் சொன்னது.

அமெரிக்காவில் முதலில் கூடம், பிறகு சட்டம், கடைசியில் கைப்பேசி. நம்மிடம் கைப்பேசி முதலில் வந்தது, சட்டம் அடுத்தது, கூடம் இன்னும் வரவில்லை. ஐந்து நட்சத்திர விடுதியின் கதவு திறந்திருந்தாலும் அதற்குள் போக எத்தனை பேரால் முடியும்? டாஸ்மாக் பாரில் பெண்கள் உட்கார முடியாத ஊரில் அந்த மாதிரியை இறக்குமதி செய்யும்படி நான் யாரையும் கேட்கவில்லை. மேலைநாட்டு வரலாற்றில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது மதுவை அல்ல, அவையை. சேர்ந்து உட்கார்ந்தவர்களிடமிருந்துதான் வழக்கும் வந்தது, வாக்கும் வந்தது, நோயாளிக்குக் கஞ்சியும் வந்தது.

ஆகவே என் தீர்ப்பை நேராகச் சொல்லிவிடுகிறேன். ஒரு சமூகம் பெரும்பான்மையால் ஏற்கப்பட்டதும் அதற்குத் தனி இடம் தேவையில்லை என்பது தவறான கணக்கு. விருந்தாளியாக எல்லா வீட்டுக்கும் போகலாம் என்பதற்காகச் சொந்த வீட்டை யாரும் இடிப்பதில்லை.

இந்த அரங்கில் கல்லூரி முதல்வர்கள் இருக்கிறீர்கள். நூலகப் பொறுப்பாளர்கள் இருக்கிறீர்கள். திருமண மண்டபமும் சிறு அரங்கமும் நடத்துபவர்களும் இருப்பீர்கள். தன்பாலீர்ப்பு கொண்டவர்களோ திருநரோ ஒரு வாசிப்புக் கூட்டத்துக்கு, பெற்றோர் சந்திப்புக்கு, இரங்கல் கூட்டத்துக்கு இடம் கேட்டு வந்தால், அன்று வேறு நிகழ்ச்சி இருக்கிறது என்று சாக்குச் சொல்லாதீர்கள். மற்றவர்களிடம் வாங்கும் அதே வாடகையை வாங்கிக்கொண்டு, அதே ரசீதைக் கொடுத்து, சாவியைக் கையில் கொடுங்கள். இந்த அறக்கட்டளையின் பெயரால் நான் உங்களிடம் கேட்பது அவ்வளவுதான்.